யாருடைய முகம்?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைத் தவலை இருக்கிறது. அதன் கழுத்தோரத்தில் என் தாயாரின் பெயரும், பெயருக்கு முன்னால் என் தாத்தாவின் முதலெழுத்தும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கின்றன. கும்பகோணத்தில் வாங்கி, கடை வாசலிலேயே உட்கார்ந்திருந்த ஆளிடம் பெயர் வெட்டிக்கொண்டு வந்தார்களாம். அம்மாவுக்குச் சீராக வந்த பாத்திரம் அது. தெருவில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எது நடந்தாலும் அந்தத் தவலை இரவல் போகும். பத்து வீட்டுப் பாத்திரங்களோடு கலந்து கிடக்கும். மறுநாள் காலையில் யாராவது ஒருவர் பெயரைப் படித்துப் பார்த்துக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். இரவல் போகிற பொருளுக்குத்தான் நம்மவர்கள் பெயர் வெட்டினார்கள். பெட்டிக்குள் பூட்டி வைக்கிற சங்கிலிக்கு யாரும் பெயர் வெட்டுவதில்லை.

இந்தத் தவலையை இப்போது நான் நினைத்துக்கொள்வதற்குக் காரணம் ஒரு புகைப்படம்.

போன தை மாதம், பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலையில், மில்லில் அரைத்து வந்த புது அரிசியை அம்மா கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. முறம் எழும்பி இறங்கும்போதெல்லாம் தவிட்டுத் தூசி எழுந்து வெளிச்சத்தில் நின்றது. தூசி கண்ணில் விழாமலிருக்க அவள் முகத்தைச் சற்றே திருப்பியிருந்தாள். நான் படம் பிடிப்பதில் தேர்ந்தவன் அல்ல. கையில் செல்போன் இருந்தது, எடுத்தேன். அபூர்வமாக அமைந்துவிட்டது. அன்று மாலையே குடும்பத்தாரும் சிநேகிதர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். பாராட்டுக்கள் குவிந்தன. ஒரு கதை பிரசுரமான சந்தோஷம் எனக்கு.

மூன்று மாதம் கழித்து, வெளியூரிலிருந்து ஒரு சிநேகிதர் அந்தப் படத்தை எனக்கே அனுப்பி வைத்தார். அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு மசாலாப் பொடிப் பொட்டலம் முளைத்திருந்தது. கீழே, பாட்டியின் கைப்பக்குவம் என்று ஒரு வாசகம். கடையில் பொட்டலமாக விற்கிற பொடியை இன்றுவரை வீட்டுக்குள் விடாதவள் என் அம்மா!

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையில் பேசியவர் மரியாதைக்காரர், சண்டைக்கு வரவில்லை. "நெட்டிலே கிடந்தது சார். நல்லா இருந்துது, எடுத்துப் போட்டோம். வேண்டாம்னா எடுத்துடறோம்" என்றார். சொன்னபடி எடுத்தும் விட்டார். ஆனால் "கிடந்தது" என்ற அந்தச் சொல் மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை. தெருவில் செருப்பு கிடக்கும். வாய்க்காலில் தேங்காய் மட்டை கிடக்கும். என் தாயார் கிடந்தாளாம்!

என் சகோதரி மகன் கணினிப் படிப்புப் படித்தவன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "பேர் இல்லாம அனுப்பினா அப்படித்தான் மாமா. வாட்டர்மார்க் போட்டிருக்கணும்" என்றான். அரைமணி நேரத்தில் அதை எனக்குச் சொல்லியும் கொடுத்தான். படத்தின் மேல் நம்முடைய பெயரை வெளிறிய எழுத்தில் பதித்துவிடுவதுதான் அந்த வித்தை. மூலையில் போட்டால் வெட்டி எறிந்துவிடுவார்கள், நட்டநடுவில் குறுக்காகப் போடுங்கள் என்றும் யோசனை சொன்னான். அன்று இரவு உட்கார்ந்து, என்னிடமிருந்த நாற்பது ஐம்பது படங்களிலும் என் பெயரைக் குறுக்காக எழுதினேன். கோயிலிலே ட்யூப் லைட்டை உபயம் செய்துவிட்டு, வெளிச்சம் வருகிற இடமெல்லாம் தன் பெயரை எழுதி வைக்கிற தர்மப் பிரபுவைப் பார்த்து எத்தனையோ முறை சிரித்தவன் நான். அன்று அவரும் நானும் ஒன்றாகிப் போனோம். அது எனக்குத் தெரியவில்லை.

வாட்டர்மார்க் என்ற இந்தப் பெயருக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலி தேசத்து ஃபாப்ரியானோ என்ற ஊரில் காகிதம் செய்தவர்கள், கூழை அள்ளுகிற சல்லடையின் மேல் கம்பியால் ஒரு சின்ன உருவத்தை வளைத்துத் தைத்து வைத்தார்கள். கம்பி இருந்த இடத்தில் கூழ் மெல்லியதாகப் படியும். காய்ந்த பிறகு காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் அந்த உருவம் தெரியும். எந்தப் பட்டறையில் செய்த காகிதம் என்பதற்கு அதுவே அடையாளம். நம் ரூபாய் நோட்டைத் தூக்கிப் பிடித்தால் வெள்ளை இடத்தில் காந்தியடிகள் தெரிகிறாரே, அதுவும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். காகிதத்தில் எழுதுகிறவனுக்கு அந்தக் குறி இடைஞ்சல் செய்வதில்லை. தேடுகிறவனுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு மறைந்திருக்கும். நம் ஊர்களில் அந்தக்காலத்து ஸ்டூடியோக்காரர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். படம் ஒட்டிய அட்டையின் அடியோரத்தில் கடையின் பெயரை மை இல்லாமல் அழுத்தி வைப்பார்கள். விரலால் தடவினால் தெரியும். முகத்தின் மேல் பெயர் போடுகிற துணிச்சல் அவர்களுக்கு வரவில்லை.

எனக்கு வந்தது. மறுநாள் அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏண்டா, என் மூஞ்சிக்குக் குறுக்கே என்னமோ கிறுக்கி வச்சிருக்கியே?"

"கிறுக்கல் இல்லேம்மா, என் பேர். யாரும் திருடக் கூடாதுன்னு போட்டிருக்கேன்."

"மூஞ்சி என்னுது. பேரு உன்னுதா?"

"படம் நான் எடுத்ததும்மா."

"எடுக்கறப்போ என்னைக் கேட்டியா?" என்றாள். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தணிந்த குரலில், "கதையிலே எழுதறப்போதான் கேக்கறதில்லே. இதையாவது கேட்டிருக்கலாம்" என்று சொல்லிப் போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவள் கோபப்படவில்லை. ஆகவே நான் யோசிக்க வேண்டியதாயிற்று.

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். ஆனாலும் எழுதிப் பிழைக்கிறவனுக்கு 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் கொஞ்சம் பழக்கமானதுதான். கூலிக்கோ உத்தியோகத்துக்கோ அல்லாமல் தன் விருப்பத்துக்கு ஒருவன் எடுத்த புகைப்படம், எடுத்த கணத்திலிருந்தே அவனுக்குச் சொந்தம். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. பெயர் எழுதியிருக்க வேண்டும் என்பதுமில்லை. 2012-இல் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமையாளன் இன்னார் என்று காட்டுகிற குறிப்பைத் தெரிந்தே அழிப்பது இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றும் சேர்த்தார்கள். ஆக, மசாலாக்காரர் குற்றவாளி, நான் உரிமையாளன். எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தில் அம்மா எங்கே இருக்கிறாள்? எங்கும் இல்லை. படத்தை எடுத்தவனைப் பற்றி அது பேசுகிறது. படத்தில் இருப்பவளைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்காகப் பேசிய வேறொரு குரலைத் தேடிப் போனால், அது நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் அகப்படுகிறது. தமிழ் வாரப்பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான ராஜகோபாலுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் நடந்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மரண தண்டனைக் கைதியின் சுயசரிதையைப் பிரசுரிக்கலாமா என்பது அங்கே கேள்வி. பத்திரிகையின் சுதந்திரத்தை நிலைநாட்டிய அந்தத் தீர்ப்பே போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிற்று: ஒருவருடைய பெயரையோ சாயலையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று. விளம்பரத்துக்கு மட்டும் என்று சொல்லியிருந்தால் மசாலாக்காரர் ஒருவரோடு குற்றம் முடிந்திருக்கும். வேறு காரியத்துக்கும் என்கிறபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பாராட்டுப் பெறுவதற்காகக் குழுவில் அனுப்பினேனே, அது எந்தக் காரியம்?

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தைப் பார்த்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "என் படம்" என்பதுதான். "என் அம்மா" என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. அம்மாவுக்கு நேர்ந்த அவமானமாக நான் நினைத்துக்கொண்ட கோபத்தில் பாதிக்கு மேல், எனக்கு வரவேண்டிய பாராட்டு வேறொருவனுக்குப் போயிற்றே என்ற வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சல்தான் அவள் முகத்தின் மேல் என் பெயரைக் குறுக்காக எழுதிற்று. மசாலாக்காரர் முகத்துக்குப் பக்கத்தில் பொட்டலத்தை வைத்தார். நான் முகத்தின் மேலேயே என்னை வைத்தேன். இருவரில் யார் அதிகம் எடுத்துக்கொண்டவர்?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1936-ஆம் வருஷம் மார்ச் மாதம், கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில், டாரதியா லாங் என்ற பெண்மணி ஒரு தாயைப் படம் எடுத்தார். குழந்தைகள் இரண்டு பக்கமும் முகத்தை மறைத்துக்கொண்டு சாய்ந்திருக்க, கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்க்கிற அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்தவுடன் அரசாங்கம் முகாமுக்கு உணவு அனுப்பிற்று. ஆனால் படத்திலிருந்த குடும்பம் அதற்குள் அங்கிருந்து போய்விட்டது. எடுத்தவரின் பெயர் உலகப் பிரசித்தம் ஆயிற்று. எடுக்கப்பட்டவளின் பெயரோ நாற்பது வருஷங்களுக்கு மேல் உலகத்துக்குத் தெரியவில்லை. அவள் பெயரைத் தாம் கேட்கவே இல்லை என்று லாங் பின்னாளில் எழுதியிருக்கிறார். 1978-இல்தான் அந்தத் தாய், ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன், தான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் படத்தால் தமக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்பதுதான் அவர் சொன்னது.

அரசாங்க உத்தியோகத்தில் எடுத்த படமாகையால் லாங்குக்கும் அதில் பதிப்புரிமை கிடையாது. அவர் பணத்துக்கு ஆசைப்பட்டவருமல்ல. பசித்த ஜனங்களுக்குச் சோறு வரவேண்டும் என்று எடுத்தார், சோறும் வந்தது. ஆகவே எடுத்தது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று: பத்து நிமிஷம் நின்று ஒரு பெயரைக் கேட்டிருந்தால் அந்தப் படத்துக்கு எந்தக் குறைவும் வந்திராது. ஊருக்கு நன்மை செய்கிற படத்துக்கே இந்தக் கடன் இருக்குமானால், பாராட்டுக்காக நாம் அனுப்புகிற படங்களுக்கு எவ்வளவு கடன் இருக்க வேண்டும்? பள்ளிக்கூடம் போகிற குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற மாமனார், தூங்குகிற மனைவி, எல்லாரையும் எடுத்து அனுப்புகிறோம். அந்தக் குழந்தை வளர்ந்து வந்து ஒருநாள் கேட்கும். அன்று என்ன பதில் வைத்திருக்கிறோம்?

அப்படியானால் பெயர் போடுவதே அகங்காரமா என்று வாசகர்கள் கேட்கலாம். அப்படி நான் சொல்லவில்லை. தியாகராஜ சுவாமிகள் தம் கீர்த்தனைகளின் சரணத்தில் தம் பெயரை வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் குருகுஹ என்று முத்திரை வைத்தார். திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் ஊரையும் பெயரையும் சொல்லிக்கொள்கிறார். இவர்களை அகங்காரிகள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர்கள் பெயர் பாட்டின் மேல் ஒட்டி வைத்ததல்ல, பாட்டுக்குள் இருக்கிறது. ராகத்தோடும் தாளத்தோடும் சேர்ந்து போகிறது. பிடுங்கினால் பாட்டே குலையும். "இதைச் சொன்னவன் நான், இதற்கு நானே பொறுப்பு" என்பதுதான் அந்த முத்திரையின் பொருள்.

மறுபக்கத்தில் பெயரே இல்லாமல் போனவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுக்களைப் பாடியவர் யார் என்று தெரியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பாட்டில் இருந்த அழகான சொல்லையே எடுத்துப் புலவருக்குப் பெயராக வைத்தார்கள். செம்புலப் பெயல்நீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் இன்று நாம் அவர்களை அறிகிறோம். பெயர் தெரியாத பாட்டைப் பார்த்து அவர்கள் "கிடந்தது" என்று சொல்லவில்லை. யாரோ ஒருவர் பாடியிருக்க வேண்டும் என்று தெரிந்து, அவருக்கு ஒரு மரியாதை செய்தார்கள். பிறர் பொருளைக் கையில் எடுக்கிறவனுக்கு இருக்க வேண்டிய குணம் அது. அந்தக் குணம் இருக்கிற ஊரில் வாட்டர்மார்க் தேவைப்படாது. இல்லாத ஊரில் அது காவல் செய்யாது.

உண்மையிலேயே காவல் செய்வதில்லை. 2017-இல் கூகுள் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைச் செய்து காட்டினார்கள். ஒரே குறியை ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான படங்களில் பதித்தால், அந்தப் படங்களையெல்லாம் ஒப்பிட்டுக் குறியை மட்டும் தனியே பிரித்தெடுத்து, சுவடு தெரியாமல் அழித்துவிடக் கணினியால் முடியும். இன்றைக்கோ ஒரே ஒரு படத்திலிருந்தும் நொடியில் அழித்துக் கொடுக்கிற கருவிகள் யார் கையிலும் இருக்கின்றன. ஆட்டுக்கு வேலி போடலாம்; களவாட வருகிறவன் வேலியைத் தாண்டித்தான் வருவான். ஆனாலும் வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இது ஒருவருடைய கொல்லை என்பதை வேலி சொல்கிறது. தெரியாமல் மேய்ந்தவனுக்கும் தெரிந்தே மேய்ந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை அது காட்டிக்கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் உபயோகம். அவ்வளவுக்கு அது போதும்.

இப்போது நான் அஞ்சுகிற இடத்துக்கு வருகிறேன். "கதையிலே எழுதறப்போதான் கேக்கறதில்லே" என்றாளே அம்மா, அதற்கு என்ன சொல்வது? இருபது வருஷமாக எழுதுகிறேன். என் நாவல்களில் வருகிற தாய்மாரில் பலர் அவளுடைய நடையைத்தான் நடக்கிறார்கள். அவளுடைய சொல்லைத்தான் சொல்கிறார்கள். அப்பாவோடு அவள் போட்ட ஒரு சண்டையை, பெயரையும் ஊரையும் மாற்றி ஒரு கதையாக எழுதினேன். நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த கதை அது. அந்தக் கதையை அவள் படித்திருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது.

கதைக்கும் படத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். கதையில் நாலு பேரைக் கலந்து ஒரு பாத்திரத்தைச் செய்கிறோம். ஊராருக்கு அடையாளம் தெரியாது. படத்தில் ஒளிவதற்கு இடமில்லை. வாதம் சரியானதுதான். ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் இலக்கியம் பிறக்காது என்பதும் சரிதான். ஆனால் ஊராருக்கு அடையாளம் தெரியாவிட்டாலும் சம்பந்தப்பட்டவளுக்குத் தெரிகிறதே! அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு எனக்கு இருந்த தடை இலக்கியம் அல்ல. அவள் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுக்காமல் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டதை எந்தப் பெயரால் அழைப்பது என்று மசாலாக்காரர் விஷயத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இதற்குப் பிறகு நான் செய்துகொண்ட ஏற்பாடு சிறியது. குறுக்கே எழுதிய பெயர்களை எல்லாப் படங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன். வெளியே அனுப்புகிற படத்தில் கீழ் மூலையில், தேடினால் தெரிகிற அளவுக்குப் பெயரும் வருஷமும் போடுகிறேன். தவலையின் கழுத்தில் இருப்பதுபோல; வழி தவறிப் போனால் திரும்பி வரட்டும் என்பதற்காக. அனுப்புவதற்கு முன்னால் படத்தில் இருக்கிறவரிடம் காட்டுகிறேன். பூட்டி வைக்க வேண்டிய படத்துக்கு எந்தக் குறியும் போடுவதில்லை, அதை அனுப்புவதில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மூலையிலே என் பேரையும் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குடா பேரு? என்னைப் பாத்தா தெரியாதா? நீயே போட்டுக்கோ. யாராவது ஏன்னு கேட்டா நீதானே பதில் சொல்லணும்" என்றாள்.

போன மாதம் அவளை ஐந்து படம் எடுத்தேன். இரண்டுக்குச் சரி என்றாள். மூன்றை வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வேண்டாமென்ற மூன்றில் ஒன்று, அரிசி புடைக்கிற படத்தைவிட நன்றாக வந்திருக்கிறது. அது என் செல்போனில்தான் இருக்கிறது. யாரிடமும் காட்டவில்லை. காட்டாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேஜை மேல் ஒரு கதையும் பாதியில் நிற்கிறது. அதில் ஒரு கிழவி வருகிறாள். எழுதினவரைக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் காட்டவில்லை.